மலையடிக் காட்டுக்கு நாலாயிரம் வெள்ளி: செயற்கைக்கோளா, டிரோனா, நடையா?

மேல்பாதையில் வெயில் விழுகிறது என்று முதலில் சொன்னவர் என் மாமா. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன்னே மரத்தடிக்குப் போய்ப் பழகியவருக்கு நிழலின் அளவு தெரியும். “முன்னெல்லாம் அந்தத் திருப்பத்துல பதினோரு மணிக்கும் இருட்டாத்தான் இருக்கும் தம்பி. இப்ப கண்ணு கூசுது. மேல என்னமோ ஆயிருக்கு,” என்றார்.

அவர் சொன்னது மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலையடியில் இருக்கும் ஒரு ஹூத்தான் லிப்பூரை, அதாவது மக்கள் பொழுதுபோக்க வரும் காட்டை. பீடோங்கிலிருந்து மோட்டாரில் இருபது நிமிஷம். அருவி, கூடாரம் போடுகிற திடல், மலைக்குள் ஏறுகிற இரண்டு பாதைகள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சுங்கை பட்டாணியிலிருந்தும் பினாங்கிலிருந்தும் காடிகள் வந்து நிற்க இடம் இருக்காது. பழைய தோட்டக்காரர்கள், ஓர் ஆசிரியை, பாலிடெக்னிக் பிள்ளைகள் என்று முப்பது பேர் போல நாங்கள் மாதம் ஒரு நாள் அங்கே கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டுத் துப்புரவு வேலை, செய்கிறோம். போத்தல் பொறுக்குவது, பாதையில் விழுந்த கிளையை ஒதுக்குவது, அவ்வளவுதான். குழுவின் கையில் நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் மேல் சேர்ந்திருந்தது. மாமா சொன்னதைக் கேட்ட பிறகு, அந்தப் பணத்தைக் காட்டின் நலம் பார்க்கவே செலவழிக்கலாம் என்று முடிவானது. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு. பையன்கள் டிரோன் வாங்கலாம் என்றார்கள். ஆசிரியை, காசு கொடுத்தால் தெளிவான செயற்கைக்கோள் படம் கிடைக்கும் என்றார். என் தங்கை மகள், எனக்கு மருமகள் முறை, நிலவியல் படிக்கிறாள். அவள் மட்டும், “காசே வேணாம் மாமா, இலவசமா கிடைக்கிறதையே நாம இன்னும் பார்க்கலையே,” என்றாள்.

ஆறு மாதம் போல எல்லா வழியையும் முயன்று பார்த்தோம். வேறு ஊரில் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்று எழுதி வைத்துக்கொண்டோம். மரம் வெட்டும் காட்டுக்கும், மக்கள் பொழுதுபோக்க வரும் காட்டுக்கும் வரும் கெடுதல் ஒன்றல்ல. முதலாவதில் ஏக்கர் கணக்கில் மரம் போகும், தூரத்திலிருந்தே தெரியும். இரண்டாவதில் காடு மெதுவாகத் தேயும். மிதித்து மிதித்து மண் இறுகும், வேர் வெளியே வரும், நாற்று முளைக்காது, பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப அடுத்த தலைமுறை இருக்காது. எங்களுக்கு வேண்டியது மூன்று: மேலே இலைக்கூரையில் ஓட்டை விழுகிறதா, நிற்கிற மரங்கள் வாடுகின்றனவா, காட்டின் எல்லை உள்ளே தள்ளப்படுகிறதா. கீழே தரையில் என்ன நடக்கிறது என்பது நாலாவது. அதன் அருமை எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி, இலவசப் படங்கள். இதில் முக்கியமானவை மூன்று. அமெரிக்காவின் மோடிஸ், லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல்-2. வித்தியாசத்தை நாங்கள் பூப்பந்துத் திடலை வைத்துப் புரிந்துகொண்டோம், இந்த நாட்டில் எல்லோர் கண்ணிலும் நிற்கும் அளவு அதுதான். படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஒரு பூப்பந்துத் திடலைவிடக் கொஞ்சம் பெரிது. லேண்ட்சாட்டில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30, பதினோரு திடல் அளவு. மோடிஸ் படத்தில் மிகச் சிறிய கட்டமே 250 மீட்டர். ஒரே கட்டத்துக்குள் ஒன்பது கால்பந்துத் திடல் அடங்கிவிடும். மோடிஸ் தினமும் படம் எடுக்கிறது என்பது உண்மை. தேசம் முழுவதும் வறட்சி எப்படி, புகைமூட்டம் எங்கே என்று பார்க்க அது போதும். எங்கள் ஹூத்தான் லிப்பூர் அதில் ஒரு சில புள்ளி. மோடிஸை அன்றைக்கே விட்டுவிட்டோம்.

லேண்ட்சாட் 8 விண்ணுக்குப் போனது 2013-இல், லேண்ட்சாட் 9 போனது 2021-இல். இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வருகின்றன. சென்டினல்-2 வரிசையில் முதலாவது 2015-இல் ஏறியது, இரண்டாவது 2017-இல், மூன்றாவது 2024-இல். ஜோடியாக ஐந்து நாளுக்கு ஒரு படம். கோப்பர்நிக்கஸ் உலாவி என்ற இணையப் பக்கத்தில் கணக்கு தொடங்கினால் போதும், பீடோங் கோப்பிக்கடையில் உட்கார்ந்தே நேற்றைக்கு முந்தின நாள் படத்தைத் திறக்கலாம். மருமகள் அப்படித்தான் திறந்து காட்டினாள்.

இந்தப் படங்களில் மரத்தின் உடம்பு எப்படித் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். வாடிய இலை இரண்டையும் சரியாகச் செய்யாது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்.டி.வி.ஐ. என்கிற தாவரக் குறியீடு. வெறும் மண்ணுக்குப் பூஜ்யத்தை ஒட்டி வரும், அடர்ந்த காட்டுக்கு ஒன்றை நெருங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்ம மழைக்காட்டில் இந்தக் குறியீடு உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இலை மூன்று அடுக்காக இருந்தாலும் ஐந்து அடுக்காக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான். படம் முழுக்க ஒரே கரும்பச்சையாக வந்ததைப் பார்த்து எல்லாம் நலம் என்று முதல் வாரம் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அது அவசரம்.

இங்கேதான் சென்டினல்-2 லேண்ட்சாட்டை முந்துகிறது. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் இருக்கும் குறுகிய விளிம்பில் சென்டினல்-2 தனியாக மூன்று அலைவரிசைகளில் படம் எடுக்கிறது, லேண்ட்சாட் 8-லும் 9-லும் அது இல்லை. இலையில் பச்சையம் குறையத் தொடங்கும்போது அந்த விளிம்பில்தான் முதலில் மாற்றம் தெரியும். இலையில் இருக்கும் நீரைக் காட்டும் குறுஅலை அகச்சிவப்பு இரண்டிலும் உண்டு. அதை வைத்து ஈரக் குறியீடு போட்டுப் பார்க்கலாம். இந்த இரண்டும் சென்டினலில் 20 மீட்டர் கட்டம்தான் என்றாலும், மூடிய காட்டுக்கு என்.டி.வி.ஐ.யைவிட இவைதான் பேசுகின்றன.

மேகத்துக்கு வருகிறேன். ஐந்து நாளுக்கு ஒரு படம் என்பது காகிதத்தில். சென்டினல்-2 நம் ஊருக்கு மேல் வருவது நண்பகலுக்குச் சற்று முன்னே. ஜெராய் 1,217 மீட்டர் உயரம், கடலோரத்தில் தனியாக நிற்கும் மலை. அந்த நேரத்துக்கு உச்சியில் தொப்பி போட்ட மாதிரி மேகம் வந்து உட்கார்ந்துவிடும். இந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைக்கும் படம் படமாகத் திறந்தோம், வெள்ளைப் பஞ்சும் அதன் நிழலும்தான். கெடாவில் வறட்சி மாதங்களான ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில்தான் மலை முழுசாகக் கிடைத்தது. ஆக, வருஷத்துக்கு நல்ல படம் ஒரு கை விரலுக்குள். மாதா மாதம் கண்காணிப்போம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேற்குக் கரை மலைகளில் அது நடக்கிற காரியமில்லை.

அந்தத் தெளிவான மாதங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எங்கள் முதல் பயம் அதில்தான் வந்தது. பிப்ரவரிப் படத்தில் காட்டு எல்லையை ஒட்டி நீளமான ஒரு பட்டை பழுப்பாகத் தெரிந்தது. குறியீடு சரசரவென்று இறங்கியிருந்தது. ஜனவரியில் அதே இடம் பச்சை. மருந்து அடித்துவிட்டார்களோ, நோய் பரவுகிறதோ என்று பையன்கள் பதறினார்கள். மருமகள் மடிக்கணினியை மாமா பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் பார்த்தார்.

“இது மாசி மாசம்தானே? அது சீக்கு இல்லம்மா. இலை உதிருது. பால்மரம்.”

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். சிறுதோட்டக்காரர் ஒருவரின் பால்மரங்கள். கால் வைத்தால் முறுக்கு நொறுங்குகிற சத்தம், கணுக்கால் வரைக்கும் காய்ந்த இலை. தலைக்கு மேலே கிளைகள் மொட்டையாக நின்றன. அதிலும் ஒன்றிரண்டு மரங்களில் செம்பு நிறத்தில் குருத்து வரத் தொடங்கியிருந்தது. பால்மரம் வருஷா வருஷம் வறட்சியில் இலையை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். மேலே பறக்கிற கருவிக்குத் தெரியாது. படம் தெளிவாகக் கிடைக்கும் மாதமும் பால்மரம் மொட்டையாக நிற்கும் மாதமும் ஒன்றாக இருப்பதால், எல்லையில் எது காடு, எது பால்மரம், எது செம்பனை என்று முதலில் ஆளை வைத்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளாமல் எந்தக் குறியீட்டையும் பார்க்கக் கூடாது. அந்த வரைபடத்தை மாமாவும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் ஒரே மத்தியானத்தில் போட்டுக் கொடுத்தார்கள். செலவு, ஒரு பெரிய அட்டையும் மூன்று வண்ணப் பேனாவும்.

அதிலிருந்து இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். காட்டை அதன் போன மாதப் படத்தோடு ஒப்பிட்டால் வறட்சி, புகைமூட்டம், சூரியன் சாய்ந்திருக்கும் கோணம் எல்லாம் சேர்ந்து குழப்பும். அதற்குப் பதிலாக, அதே மலையில், அதே உயரத்தில், பாதையே இல்லாத ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குச் சாட்சிக் காடு என்று பெயர் வைத்தோம். ஒரே நாள் படத்தில் மக்கள் நடமாடும் காடும் சாட்சிக் காடும் எப்படி இருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வறட்சி வந்தால் இரண்டும் சேர்ந்து வாடும். நம்ம பக்கம் மட்டும் வாடினால்தான் கவலை. இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பிறகுதான் படங்களை நம்பத் தொடங்கினோம்.

லேண்ட்சாட்டை இதனால் தள்ளிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அதன் பலம் வேறு. லேண்ட்சாட் 5 ஏறியது 1984-இல், 2013 வரைக்கும் வேலை செய்தது. அந்தக் கிடங்கு முழுவதையும் அமெரிக்கா 2008-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. சென்டினலின் நினைவு 2015-க்கு முன்னால் போகாது, லேண்ட்சாட்டின் நினைவு நம் அப்பா காலத்துக்குப் போகும். கீழ்ப்பாதை ஓரத்தில் மஹாங் மரங்களாக மண்டிக் கிடப்பது ஏன் என்று எனக்குப் பல வருஷமாகக் கேள்வி. பழைய படம் ஒன்றில் அந்த இடம் வெட்டவெளியாக வெளுத்துக் கிடந்தது. வெட்டி விட்டபின் முதலில் எழுந்து வருகிற மரம் மஹாங். ஆக, அது இளம் காடு. மேல்பாதையோடு அதை ஒப்பிட்டு அங்கே மரம் ஏன் சிறுத்திருக்கிறது என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

2021 ஆகஸ்ட் 18-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜெராயில் கொட்டிய மழையில் யான் பக்கமும் மெர்போக் பக்கமும் ஆறுகள் பாறையும் மரமுமாகப் பெருக்கெடுத்து வந்தன. உயிர்கள் போயின. அதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் மருமகள் திரையில் மாற்றி மாற்றிக் காட்டியபோது கோப்பிக்கடையில் யாரும் பேசவில்லை. கரும்பச்சைச் சரிவில் நகத்தால் கீறியது போல வெளிறிய கோடுகள். கீழே ஆற்றங்கரையில் நின்றவர்களுக்கு மேலே மலையில் என்ன நடந்தது என்பது தெரிய வாய்ப்பே இல்லை. கால் போக முடியாத உயரத்தைப் பார்க்க இந்தக் கண்தான் வேண்டும். அந்தக் கோடுகள் வருஷா வருஷம் மூடிவருகின்றனவா, இல்லை அகலமாகின்றனவா என்பதை இனி ஒவ்வொரு வறட்சி மாதத்திலும் பார்ப்பது என்று அன்றைக்கே எழுதிக்கொண்டோம். பணம் இல்லாத குழுவானாலும் இதை விடக் கூடாது என்பது என் எண்ணம்.

மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. சென்டினல்-1 சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. மழையோ இரவோ அதற்குத் தடையில்லை. இந்த வரிசையில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகி, அதற்கு மாற்று 2024 டிசம்பரில்தான் போனது. ஆனால் ரேடார் படத்தை நேரடியாகப் படிப்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம். புள்ளி புள்ளியாக உப்புத் தூவியது போல இருக்கும், செங்குத்தான சரிவுகள் ஒன்றின் மேல் ஒன்று மடிந்து தெரியும். பச்சையம் குறைவதை அது சொல்லாது. மரம் நிற்கிறதா விழுந்ததா என்பதைத்தான் சொல்லும். நாங்கள் அதை நேரடியாகத் தொடவில்லை.

அதன் பலனை வேறு வழியில் எடுத்துக்கொண்டோம். குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் என்று ஒரு தளம் 2014 முதல் இயங்குகிறது. நம் இடத்தை வரைபடத்தில் வளைத்துக் கொடுத்துவிட்டால், அங்கே மரம் போனது போலத் தெரிந்தால் மின்னஞ்சல் அனுப்பும். லேண்ட்சாட், சென்டினல்-2, ரேடார் மூன்றின் எச்சரிக்கையும் சேர்ந்து வருகிறது. கைப்பேசியில் ஃபாரஸ்ட் வாட்சர் செயலியைப் போட்டுக்கொண்டால் இணைப்பு இல்லாத காட்டிலும் அந்தப் புள்ளிக்கு நடந்து போகலாம். காட்டு எல்லைக்கு இதைவிடச் சுலபமான காவல் வேறு இல்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்: அந்தத் தளத்தின் மரப்பரப்பு வரைபடத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த எதுவும் மரம்தான். பால்மரமும் செம்பனையும் அதில் அடங்கும். தோட்டத்தில் பழைய பால்மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்தால், காடு அழிந்தது போலச் சிவப்பாகக் காட்டும். தோட்டம் சூழ்ந்த எங்களைப் போன்ற ஊர்களில் இதைப் பார்த்துப் புகாரோடு ஓடினால் நம் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும். மாமாவின் அட்டை வரைபடம் இங்கேயும் கைகொடுத்தது. தீபகற்ப மலேசியாவின் வன இலாகாவும் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காடுகளைக் கண்காணிக்கிறது. நம் புள்ளி, தேதி, நேரில் எடுத்த படம் மூன்றும் ஒன்றாகப் போனால்தான் அங்கே இருப்பவர்களுக்கும் வேலை சுலபம்.

காசுக்குக் கிடைக்கும் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3 மீட்டர் கட்டத்தில் தினமும் எடுப்பவையும் உண்டு, 30 சென்டிமீட்டரில் தனித்தனி மரத்தின் தலையைக் காட்டுபவையும் உண்டு. பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சப் பரப்பு வைத்துத்தான் விற்கிறார்கள். நமக்கு வேண்டியது ஒரு மூலை, வாங்க வேண்டியது மலையளவு. ஒரு முறை வாங்கலாம். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் வாங்க முடியுமா? ஒரே ஒரு அழகான படத்தை வைத்துக்கொண்டு காட்டின் நலத்தைச் சொல்ல முடியாது, தொடர்ச்சிதான் முக்கியம். 2020-இல் நார்வே அரசு தன் செலவில், வெப்பமண்டலக் காடுகளின் ஏறக்குறைய 5 மீட்டர் மாதப் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்த ஒப்பந்தம் 2025-இல் முடிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் ஓடுகிற சேவையை நம்பி நம் பத்து வருஷக் கணக்கைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

டிரோன் விஷயத்தில் பையன்களோடு நான் நிறையப் பேசினேன். அவர்கள் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். நண்பர் ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்து, அனுமதி வாங்கித் திடலுக்கு மேல் ஒரு முறை பறக்கவிட்டார். இலை இலையாகத் தெரிந்தது. எந்தக் கிளை பட்டுப்போயிருக்கிறது, எந்த மரத்தைக் கொடி மூடியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். மேகத்துக்குக் கீழே பறப்பதால் மழைக்காலத்திலும் ஓர் இடைவெளி கிடைக்கும். தெளிவில் செயற்கைக்கோள் எதுவும் அதன் கிட்டே வராது. ஆனால் வாங்கினால் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதி, 400 அடி வரம்பு, மேலிருந்து படம் எடுக்க நில அளவை இலாகாவின் அனுமதி, காட்டுக்குள் வன இலாகாவின் அனுமதி என்று ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். ஒருவர் ஓட்டக் கற்றிருந்து அவர் வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் போய்விட்டால் டிரோன் அலமாரியில். அப்புறம், என்னை உறுத்திய ஒன்று: அருவியில் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருப்பவர்கள் தலைக்கு மேல் கேமரா பறப்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் விரும்பவில்லை. மற்ற வீட்டுப் பெண்களும் விரும்ப மாட்டார்கள். வாங்குவதில்லை என்று முடிவெடுக்க எனக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பெரிய மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ நண்பரை ஒரு நாள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இனி மாமா சொன்ன வெயிலுக்கு வருகிறேன். அடுத்தடுத்த இரண்டு வருஷத்துப் பிப்ரவரிப் படங்களை சென்டினல்-2-லிருந்து எடுத்து வைத்தோம். மேல்பாதைத் திருப்பத்தில், முந்தின வருஷம் கரும்பச்சையாக இருந்த நாலைந்து கட்டம், அடுத்த வருஷம் வெளிறியிருந்தது. சாட்சிக் காட்டில் அப்படி எதுவும் இல்லை. அதே இடத்தை லேண்ட்சாட்டில் பார்த்தோம். ஒரே ஒரு கட்டம், பக்கத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் மங்கல், சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். பத்து மீட்டருக்கும் முப்பது மீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. எங்கள் காட்டுக்கு எந்தப் படம் என்பது அந்த இடத்திலேயே முடிவானது.

புள்ளியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு ஏறினோம். போனால், பெரிய மெராந்தி ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. அடிமரத்துப் பலகை வேர்களுக்கு நடுவில், அடுப்பு மூட்டிய கரி. அந்தப் பொந்தில் ஒரு சார்டின் டின்னும் உருகிப்போன பிளாஸ்டிக் கரண்டியும் கிடந்தன. பக்கத்தில் நிற்கும் மரங்களில் நைலான் கயிறு இறுகிப் பட்டைக்குள் புதைந்திருந்தது.

காட்டில் பெரிய மரம் விழுவது புதிதல்ல. விழுந்தால் வெளிச்சம் வரும், அதுவரை காத்துக்கிடந்த நாற்றெல்லாம் போட்டி போட்டு எழும், சில வருஷத்தில் ஓட்டை மூடும். காடு இளமையாக இருப்பதே அப்படித்தான். பாதையை விட்டு இருநூறு அடி தள்ளி இன்னொரு பழைய விழுமரம் கிடந்தது. அங்கே இடுப்பளவு நாற்று, கையால் விலக்கித்தான் உள்ளே போக முடிந்தது. ஆனால் மேல்பாதைத் திருப்பத்தில், இந்த மெராந்தி விட்ட வெளிச்சத்தில், தரை சிமெண்டு மாதிரி இருந்தது. மாமா குந்தி உட்கார்ந்து விரலால் சுரண்டிப் பார்த்தார், நகத்தில் மண் ஏறவில்லை. வெளிச்சமாக, சமதளமாக இருப்பதால் வருகிறவர்கள் கூடாரம் போட அதையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாற்று ஒன்றுகூட இல்லை.

செயற்கைக்கோள் ஓட்டையைக் காட்டியது. அது மூடாமல் இருப்பதற்கான காரணம் தரையில் இருந்தது. பாதையின் மற்ற பகுதிகள் படத்தில் அடர் பச்சையாகவே இருக்கின்றன, ஆனால் கீழே நடந்தால் வேர்கள் செருப்புத் தேய்ப்பில் மெருகேறி வெளியே கிடக்கின்றன. மேலே நிற்கும் கிழ மரங்கள் இன்னும் பல வருஷம் பச்சையைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். அடுத்து விழும்போதுதான் கீழே வாரிசு இல்லை என்பது வெளியே தெரியும். அதனால், பொழுதுபோக்குக் காட்டுக்கு செயற்கைக்கோள் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். போய்ப் பார்க்க வேண்டியது நாம்.

எங்கள் முடிவு இதுதான். சென்டினல்-2 முதன்மை. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் கிடைக்கும் தெளிவான படங்களை மருமகள் எடுத்து வைப்பாள், சாட்சிக் காட்டோடு ஒப்பிடுவோம். மற்ற மாதங்களில் தெளிவான படம் தற்செயலாகக் கிடைத்தால் லாபம். லேண்ட்சாட் வருஷத்துக்கு ஒரு முறை, பழைய கதைக்கும் 2021-இன் கீறல்களுக்கும். எல்லைக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை. கட்டணப் படமும் டிரோனும் இல்லை. இதுவரை செலவு பூஜ்யம். இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு பேரை மருமகளோடு உட்கார வைத்திருக்கிறோம். டிரோன் கிடைக்காத வருத்தம் அவர்களுக்கு இப்போது குறைந்திருக்கிறது.

பணம் நடைக்குப் போகிறது. இரண்டு பாதைகளிலும் பன்னிரண்டு இடங்களைக் குறித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று அதே திசையில் நான்கு படம், தலைக்கு மேலே ஒன்று, தரையை ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் ஒரு சதுர மீட்டரில் எத்தனை நாற்று என்று எண்ணுவது. அளவு நாடா, மழைத்தாள் நோட்டு, நல்ல சப்பாத்து இல்லாத இரண்டு பேருக்குச் சப்பாத்து, ஏறிப் போகிறவர்களுக்குப் பசியாற. மிச்சம் இருப்பதில் மேல்பாதைத் திருப்பத்துக்குக் கயிற்று வேலி, கூடாரம் வேண்டாம் என்று மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் பலகை. வன இலாகாவுக்குக் கடிதம் எழுதி, படங்களை இணைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அனுமதி கிடைத்தது.

வேலி கட்டி நாலரை மாதம் ஆகிறது. கட்டுவதற்கு முன் இறுகிய மண்ணைக் கம்பியால் அங்கங்கே குத்திவிட்டு, பக்கத்துக் காட்டின் சருகை அள்ளிப் பரப்பியிருந்தோம். போன ஞாயிறு மாமா வேலிக்கு வெளியே நின்றே எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கி, பதினொன்றில் நிறுத்தினார். ஒன்பது மஹாங். மற்ற இரண்டும் மெராந்திக் குட்டிகளா என்று, அவர் சொன்னபடி, இன்னும் நாலு இலை விட்ட பிறகு பார்க்க வேண்டும்.